சக்கரம் போகும் தூரம் வரை சாமி தரிசனம்

"வீல்சேர் வசதி இருக்கா?" என்று எந்த லாட்ஜில் கேட்டாலும் பதில் ஒன்றுதான்: "இருக்கு சார், தாராளமா வாங்க." போய்ப் பார்த்தால் லிஃப்ட் இருக்கும். லிஃப்டுக்குப் போக நாலு படி ஏற வேண்டும். அல்லது ரூம் பையன்கள் இரண்டு பேர் தயாராக நிற்பார்கள், தூக்கிவிடுவதற்கு. அவர்கள் அகராதியில் வசதி என்பது அதுதான்.

அதனால் காவிரிக்கரைக் கோயில்களுக்குக் கிளம்புமுன் போன் போடும் வேலையை அக்காவே எடுத்துக்கொண்டாள். சிறுவயதில் போலியோ வந்து, காலுக்கு முட்டுக்கொடுக்கும் காலிபர் கருவியை மாட்டிக்கொண்டே தமிழாசிரியையாக வேலை பார்த்து ஓய்வு பெற்றவள். தோள்பட்டை தேய்ந்த பிறகு சக்கர நாற்காலி. வசதி இருக்கிறதா என்ற கேள்வியையே அவள் கேட்கவில்லை. அளவு கேட்டாள். ரோட்டிலிருந்து ரிசப்ஷனுக்கு எத்தனை படி? லிஃப்ட் கதவு திறந்தால் எத்தனை அங்குலம்? பாத்ரூம் கதவு? அதன் வாசலில் மேடு உண்டா? வெஸ்டர்ன் டாய்லெட்டுக்குப் பக்கத்தில் நாற்காலி நிற்க இடம் உண்டா? கட்டில் எவ்வளவு உயரம்?

அவள் நாற்காலியின் அகலம் 25 அங்குலம். பழைய லாட்ஜ்களில் பாத்ரூம் கதவு பெரும்பாலும் 24. அந்த ஓர் அங்குலத்தில் பயணமே நின்றுவிடும். கட்டட விதிகளில் கதவுக்கு 90 சென்டிமீட்டர் திறப்பு, சாய்தளத்துக்கு ஓர் அடி உயரத்துக்கு 12 அடி நீளம் என்று எழுதியிருக்கிறார்கள். நடைமுறையில் பல ஓட்டல் வாசலில் இருக்கும் சாய்தளம் பைக் ஏற்றுவதற்குப் போட்டது. அதில் நாற்காலியைத் தள்ளினால் தள்ளுகிறவர்தான் பின்னோக்கி உருளுவார். "டேப் வெச்சு அளந்து, பாத்ரூமை போட்டோ எடுத்து வாட்ஸ்அப்ல அனுப்புங்க" என்றாள் அக்கா. முகம் சுளித்த இடங்களை அப்போதே விட்டுவிட்டோம். திருச்சியில் ஓர் இடத்தில் ஒருவர் சிரித்துக்கொண்டே டேப்பைப் பிடித்து, காலிங் பெல் எவ்வளவு உயரத்தில் இருக்கிறது என்பதையும் சேர்த்து அனுப்பினார். அங்கேயே தங்கினோம்.

தினம் ஓர் ஊரில் ரூம் மாற்றுவது எங்களுக்குச் சரிப்படாது. புது பாத்ரூம் என்றால் மறுபடியும் புதுப் பரீட்சை. அதனால் திருச்சியை மையமாக வைத்துக்கொண்டு, காலையில் காரில் கிளம்பி மாலையில் அதே அறைக்குத் திரும்புவதாக ஏற்பாடு.

சென்னையிலிருந்து வந்தே பாரத்தில் போனோம். இரு முனைப் பெட்டிகளில் சக்கர நாற்காலிக்கு இடமும் அகலமான கழிவறையும் உண்டு. மற்ற எக்ஸ்பிரஸ்களில் மாற்றுத்திறனாளிகளுக்கான பெட்டியில் கதவு அகலம்தான், ஆனால் முன்பதிவு இல்லாத பெட்டி அது. மூன்றாம் வகுப்பு ஏசியில் போனால் ரயில்வே சலுகை அட்டைக்கு 75 சதவீதம் கட்டணக் குறைவு, உடன் செல்பவருக்கும் அதே குறைவு. ஆனால் நாற்காலி வாசலோடு நின்றுவிடும், உள்ளே நடைபாதையில் நுழையாது. பணமா, கழிவறையா என்று பார்த்து அக்கா கழிவறையைத் தேர்ந்தெடுத்தாள். கூட இருந்து பார்த்தவர்களுக்கு அது புரியும். இந்த ஒரு கவலையால் பயணம் முழுக்கத் தண்ணீர் குடிக்காமலே வருகிறவர்கள் எத்தனையோ பேர்.

டாக்ஸியிலும் ஒரு விஷயம் இருக்கிறது. சிஎன்ஜி வண்டி வந்தால் டிக்கியில் சிலிண்டர்தான் இருக்கும், நாற்காலிக்கு இடம் இருக்காது. பெரிய வண்டி என்றால் சீட் உயரம், ஏறுவது கஷ்டம். சாதாரண செடானில் முன் சீட்டைப் பின்னுக்குத் தள்ளிவிட்டால் நாற்காலியும் சீட்டும் ஏறக்குறைய ஒரே மட்டத்துக்கு வரும், அக்கா கையை ஊன்றி நகர்ந்துவிடுவாள். டிக்கி காலியான டீசல் செடான் என்று சொல்லி வைத்து எடுத்தோம்.

முதல் நாள் ஸ்ரீரங்கம். 1987-இல் முடிந்த 236 அடி ராஜகோபுரம் நாற்காலியில் இருந்து பார்த்தால் இன்னும் உயரமாகத் தெரிகிறது என்றாள். ஏழு சுற்று, 156 ஏக்கர். நடக்கிறவர்களுக்கே மூச்சு வாங்கும் இடம். பேட்டரி காரும் சக்கர நாற்காலியும் கோயிலிலேயே இருக்கின்றன. அக்காவுக்குத் தன் நாற்காலிதான் வேண்டும். பொது நாற்காலிகள் எல்லோருக்கும் ஒரே அளவு, பிரேக் பிடிக்குமா என்பது அன்றன்றைய அதிர்ஷ்டம். வேறொரு ஊர்க் கோயிலில் முன்பு வெளிச்சக்கரம் உள்ளே வரக்கூடாது என்று நிறுத்தியிருக்கிறார்கள். அதிலிருந்து ஒரு துண்டும் தண்ணீர் பாட்டிலும் நாற்காலிப் பையில் எப்போதும் இருக்கும். வாசலில் சக்கரத்தைக் கழுவித் துடைத்துவிடுவோம். "எல்லாரும் கால் கழுவிட்டுத்தானே போறாங்க, இது என் கால்" என்பாள்.

பிரமாண்டமான கருடாழ்வார் வரை சிரமம் இல்லை. ஆரியபட்டாள் வாசலுக்கு அப்புறம் நிலைப்படிகள் தொடங்கின. கோயில் ஊழியர் இருவர் ஓடி வந்து கைப்பிடியில் கை வைத்தார்கள். கழற்றி மாட்டும் கைப்பிடி அது. பிடித்துத் தூக்கினால் கையோடு வந்துவிடும். "சட்டத்தைப் பிடிங்கய்யா. ஏறும்போது முதுகுப்பக்கம் முன்னால போகணும்" என்று அக்கா சொல்லிக் கொடுத்தாள். அப்படியே செய்தார்கள். நாற்காலியில் இருந்தபடி பெருமாளைத் திருவடியிலிருந்து திருமுடி வரை சேவிக்க முடிந்தது. பள்ளிகொண்ட பெருமாள் என்பதால் தலையை அண்ணாந்து பார்க்க வேண்டியிருக்கவில்லை. உட்கார்ந்திருப்பவளுக்குப் படுத்திருக்கும் சாமி. கண் நிறைந்து விட்டது அவளுக்கு. எனக்கும்தான்.

வெளியே வந்து மண்டபத்தில் உட்கார்ந்தபோது திருப்பாணாழ்வார் கதையை எடுத்தாள். காவிரிக்கரையில் நின்று பாடிக்கொண்டிருந்தவரைப் பெருமாள் கட்டளைப்படி லோகசாரங்க முனிவர் தோளில் சுமந்து சந்நிதிக்குக் கொண்டுவந்த கதை. முனிவாகனர் என்ற பேர் அதனால் வந்தது. அவரைத் தடுத்து நிறுத்தியது கால் அல்ல, சாதி. அதுவும் அக்காவுக்குத் தெரியும். "ஆனா பாரு தம்பி, முனிவர் முதல்ல வந்து கூப்பிட்டார். ஆழ்வார் மறுத்தார். அப்புறம்தான் தோள் கொடுத்தார். தூக்குறதுக்கு முன்னாடி ஒரு வார்த்தை பேசணும்ல?" அன்று மதியம் சாப்பிடப் போன இடத்தில் சர்வர் என்னைப் பார்த்து, "அவங்க என்ன சாப்பிடுவாங்க?" என்றார். அக்கா மெனு கார்டை அவர் கையிலிருந்து வாங்கிக்கொண்டாள்.

மலைக்கோட்டையில் நானூறுக்கும் மேற்பட்ட படிகள். உச்சிப் பிள்ளையாருக்குக் கீழிருந்தே ஒரு கும்பிடு, அடிவாரத்தில் மாணிக்க விநாயகருக்கு ஒரு தேங்காய். முடிந்தது.

திருவானைக்காவில் தள்ளுகிற எனக்குத்தான் சோதனை. வெயில் ஏறிவிட்டால் பிரகாரக் கல் கொதிக்கும். உட்கார்ந்திருப்பவருக்குச் சுடாது, தள்ளுகிறவன் வெறுங்காலில் துள்ளுவான். ஆனால் ஜம்புகேஸ்வரர் சந்நிதி முன்னால் வந்ததும் மனசு குளிர்ந்துவிட்டது. அங்கே ஒன்பது துளைகள் கொண்ட கல் ஜன்னல் வழியாகத்தான் சுவாமியைப் பார்க்க வேண்டும். நடந்து வந்தவருக்கும் அதே ஜன்னல், உருண்டு வந்தவருக்கும் அதே ஜன்னல். உச்சிக்காலத்தில் அர்ச்சகர் புடவை கட்டி, அம்பாளாகவே வந்து சிவபூசை செய்தார். கூட்டத்தில் ஒரு அம்மாள் முன்னால் நின்றவர்களை விலக்கி அக்காவுக்கு வழிவிட்டார். "நான் இங்கேருந்தே பார்க்கலாமாம்மா, உங்களுக்கு மறைக்குதா?" என்று கேட்டுவிட்டு நின்றார். கேட்டாரே, அதுதான் அக்காவுக்குப் பிடித்தது.

திருவையாறு தஞ்சாவூருக்கு 13 கிலோமீட்டர். ஐயாறப்பரின் சடை பின்புறம் விரிந்து கிடப்பதாக ஐதீகம் என்பதால் கருவறையை ஒட்டிய சுற்றில் யாரும் வலம் வருவதில்லை. மிதித்துவிடக் கூடாதாம். சுற்ற முடியவில்லையே என்று அக்கா ஏங்காமல் இருந்த ஒரே கோயில் அதுதான். வெளிச்சுற்றில் "ஐயாறா" என்று கூப்பிட்டால் ஏழு முறை எதிரொலிக்கும் இடத்துக்கும் நாற்காலியைக் கொண்டுபோனேன். நான் எண்ணியதில் நாலுதான் தேறியது, பின்னால் ஒரு குழந்தை அழுதுகொண்டிருந்தது.

அப்பர் கயிலைக்குப் போன கதை முடிவது இந்த ஊரில்தான். பாதம் தேய நடந்து, பிறகு கையால் ஊன்றி, மார்பால் ஊர்ந்து, கடைசியில் உருண்டு போனவரைத் தடுத்து, அங்கிருந்த பொய்கையில் மூழ்கச் சொன்னார் இறைவன். எழுந்தது திருவையாற்றில், கயிலைக் காட்சியும் இங்கேயே கிடைத்தது. நான் இதை அப்பரின் வைராக்கியத்தைச் சொல்லும் கதையாகவே கேட்டு வளர்ந்தவன். அக்கா வேறு மாதிரி சொன்னாள்: "வைராக்கியம் சரி. ஆனா சாமி அவரை 'இன்னும் உருளு'ன்னு சொல்லலையே. மலையைச் சமதரைக்குக் கொண்டு வந்துட்டார்."

தஞ்சைப் பெரிய கோயிலில் முற்றம் முழுக்கச் சமதரை, கல் இடுக்குகளில் முன்சக்கரம் மாட்டாமல் பார்த்துக்கொண்டால் போதும். மகாமண்டபத்துக்கு ஏறும் படிகள் மட்டும் செங்குத்து. நாலு பேர் தூக்க முன்வந்தார்கள், கேட்டுவிட்டுத்தான் வந்தார்கள். அக்கா வேண்டாம் என்றாள். நந்திக்குப் பக்கத்திலிருந்து கும்பிட்டுவிட்டு, விமானத்தின் அடிப்பகுதி நோக்கித் தள்ளச் சொன்னாள். சுவர் முழுக்கக் கல்வெட்டு. நின்று படிப்பவர்கள் குனிய வேண்டிய வரிகள் அவளுக்கு நேர் எதிரே இருந்தன. தான் கொடுத்ததும், "நம் அக்கன்" கொடுத்ததும், மற்றவர்கள் கொடுத்ததும் கல்லிலே வெட்டுக என்று ராஜராஜன் சொன்ன வரி எங்கே இருக்கிறது என்று தேட ஆரம்பித்தாள். குந்தவையைத்தான் அப்படிச் சொல்கிறான். ஓர் எழுத்து அடையாளம் தெரிந்தால் அடுத்த எழுத்தில் பத்து நிமிடம் நிற்கிறாள். ஓட்டுநர் இரண்டு முறை போன் செய்துவிட்டார். "இன்னும் அந்த மூலை பாக்கி இருக்கு, வெயிட்டிங் சார்ஜ் போட்டுக்கச் சொல்லு" என்றாள்.