அலமாரியில் நிற்கும் தூண்டில்கள்

எட்டு ஆண்டுகளில் நான்கு தூண்டில் கோல்களும், தூண்டில் நரம்பைச் சுற்றும் நான்கு ரீல்களும் வாங்கியிருக்கிறேன். சென்ற மாதம் வரை என்னோடு கடற்கரைக்கு வந்துகொண்டிருந்தவை ஒரு கோலும் ஒரு ரீலும்தான். மற்றவை மலேசியாவின் பினாங்குத் தீவில், பாயான் லெப்பாஸ் அடுக்குமாடி வீட்டின் பின்பக்க அலமாரியில் நிற்கின்றன, அவற்றுள் ஒரு கோல் இரண்டு துண்டுகளாக. மூன்று மாதங்களாக ஞாயிற்றுக்கிழமை பிற்பகல்களில் அவற்றை ஒவ்வொன்றாக எடுத்து, கழற்றி, எடை கட்டி இழுத்துப் பார்த்து, எது எந்த இடத்தில் ஏமாற்றியது என்று நோட்டுப் புத்தகத்தில் எழுதி வந்தேன். அந்தக் குறிப்புகளைச் சற்றே ஒழுங்குபடுத்தி இங்கே தருகிறேன்.

இந்த வேலையில் இறங்கியபோது எனக்கு முதலில் நினைவு வந்தது என் சித்தப்பாவின் துப்பாக்கி. சுங்கை பட்டாணிக்கு அப்பால் அவருக்குக் கொஞ்சம் நிலம் இருந்தது. இரவில் காட்டுப்பன்றிகள் இறங்கி மரவள்ளியைக் கிளறிப் போட்டுவிடும் என்பதால், பயிர்க் காவலுக்கென்று போலீஸிடம் உரிமம் பெற்று, கைமாறி வந்த பழைய இரட்டைக்குழல் துப்பாக்கி ஒன்றை வாங்கினார். 12 போர், பக்கத் தகடுகளில் கொடியும் பூவும் செதுக்கியது, பார்க்க அழகானது. ஆனால் தோளில் பதிக்கும் அதன் கட்டை உயரமான எவருக்கோ அளவெடுத்துச் செய்ததுபோல் நீண்டிருந்தது, சித்தப்பாவோ குள்ளம். விசைக்கும் கட்டையின் அடிப்பாகத்துக்கும் இடையே உள்ள நீளம் கைக்கு மிஞ்சிவிட்டால், துப்பாக்கியைத் தூக்கும்போதே கட்டை அக்குளில் தட்டும். கன்னம் பதிய வேண்டிய இடத்தில் பதியாது. கண் குழலின் நேருக்கு வராது. வெடித்த பின் வரும் உதை தோள்குழியில் விழாமல் புஜத்தில் விழும். போதாக்குறைக்கு அது 65 மில்லிமீட்டர் தோட்டாவுக்கான பழைய அறையைக் கொண்டிருந்தது. கடையில் எளிதாகக் கிடைத்தது 70 மில்லிமீட்டர் தோட்டா. அது உள்ளே நுழைந்துவிடும் என்பதுதான் ஆபத்து. வெடிக்கும்போது தோட்டாவின் வாய் முழுதாக விரிய இடமின்றி அறைக்குள் அழுத்தம் கூடிவிடும். எனவே சரியான தோட்டா தேடி அலைவதே அவருக்கு ஒரு தனி வேலையாயிற்று.

“பன்றி போன பிறகுதான் இது தோளுக்கு வருது, தம்பி. குழலைப் பார்த்து வாங்கிட்டேன், கட்டையைப் பார்க்கல” என்று அவர் சொன்னபோது எனக்குப் பதின்மூன்று வயது. 1960ஆம் ஆண்டின் ஆயுதச் சட்டம் இருக்கும் நாட்டில், பிடிக்காத துப்பாக்கியை மேசை நாற்காலி போல இன்னொருவர் தலையில் கட்டிவிட முடியாது. அதனால் அவர் உரிமத்தைப் புதுப்பித்துக்கொண்டு அதையே வைத்திருந்தார். நான் துப்பாக்கி வாங்கவில்லை. ஆனால் என் அலமாரியைத் திறந்தபோது, நானும் ஒவ்வொரு முறையும் குழலைப் பார்த்தே வாங்கியிருக்கிறேன் என்று தெரிந்தது.

முதலில் வாங்கியது, கோலும் ரீலும் சேர்ந்த 129 வெள்ளி (ரிங்கிட்) தொகுப்பு. கோல் ஒன்றுக்குள் ஒன்று அடங்கும் வகை; நீட்டினால் 3.6 மீட்டர், மடக்கினால் மோட்டார் சைக்கிளின் முன்கூடையில் வைத்துக்கொள்ளலாம். அந்த வசதிக்காகவே மயங்கினேன். கெர்தாக் சங்குல் மணற்கரையில் இரண்டாம் முறை வீசியபோது பொருத்துகளுக்குள் நுண்மணல் புகுந்து, மூன்றாம் கண்ணி மடங்க மறுத்தது, அன்று 3.6 மீட்டர் கோலைத் தோளில் சாய்த்துக்கொண்டு வீடு வரை மெதுவாக வண்டி ஓட்டினேன். இவ்வகைக் கோலில் ஒவ்வொரு பொருத்தும் வெறும் உராய்வினால் மட்டுமே பிடித்து நிற்கிறது. பலம் குறைந்த இடங்களும் அவையே. ஒரே தண்டாக வளைய வேண்டிய கோல் அங்கங்கே முறிந்து முறிந்து வளைவதுபோல் கையில் உணரப்படும்.

அதனோடு வந்த ரீலின் பெட்டியில் “12+1 பேரிங்” என்று பொன் எழுத்தில் அச்சிட்டிருந்தார்கள். இம்முறை அதை முழுக்கக் கழற்றினேன். பேரிங்குகள் எண்ணிக்கையில் குறைவில்லை என்பதை ஒப்புக்கொள்ள வேண்டும். ஆனால் அவற்றுள் நான்கு, சுழல வேண்டிய தேவையே அதிகம் இல்லாத கைப்பிடிக் குமிழில் இருந்தன, மூன்று உப்பில் அரித்து அசையாமல் நின்றுவிட்டன. உண்மையான சேதம் வேறிடத்தில் இருந்தது. உள்ளிருந்த கிரீஸ் சாம்பல் நிறத்தில், விரலில் தேய்த்தால் நறநறவென்றது. முதன்மைப் பல்சக்கரம் மலிவான துத்தநாகக் கலவையில் வார்த்தது. அதன் பற்கள் தேய்ந்து பொடியாகிக் கிரீஸில் கலந்திருந்தன. ரீலின் உடலும் பிளாஸ்டிக் என்பதால் பாரம் ஏறும்போது அது சற்றே நெளிகிறது. நெளிந்தால் பற்கள் நேராகப் பொருந்துவதில்லை. பொருந்தாத பற்கள் இன்னும் விரைவில் தேய்கின்றன. பேரிங்கை எண்ணிய நேரத்தில் கைப்பிடியைப் பிடித்துப் பக்கவாட்டில் ஆட்டிப் பார்த்திருந்தால் இது கடையிலேயே தெரிந்திருக்கும்.

கரியிழை (கார்பன் ஃபைபர்) கோலின் கதையில் என் பிழை கூடுதல். எடை மிகக் குறைவு, கையில் எடுத்தால் இறகு போலிருக்கும், விலை 380 வெள்ளி. உயர்விறைப்புக் கரியிழை என்று கடைக்காரர் சொன்னது பொய்யல்ல. விறைப்பு கூடக் கூட அந்த இழை மெல்லியதாகவும் இலேசானதாகவும் அமையும், ஆனால் ஓர் எல்லைக்கு மேல் வளைத்தால் எச்சரிக்கை ஏதுமின்றி முறிந்துவிடும். கோலின் அடியில் 7 முதல் 21 கிராம் வரை என்று எழுதியிருந்தது. அது சிறு செயற்கை இரைகளை வீசுவதற்கான எடை. நான் மீன் பிடிப்பதோ பத்து மாவுங் பக்கம், தீவுக்கும் பெருநிலத்துச் செபராங் பிறைக்கும் இடைப்பட்ட நீரிணையில். அமாவாசை, பௌர்ணமியை ஒட்டிய நாட்களில் அங்கே ஓடும் நீரில் 60 கிராம் ஈயக்குண்டு கூட உருண்டுகொண்டே போகும். ஏழு மாதங்கள் அந்தக் கோலால் அதன் வரம்பைப் போல மூன்று மடங்கு எடையை வீசியிருக்கிறேன் என்பதை இப்போது எழுதும்போது கை கூசுகிறது. முறிந்தது வீசும்போதுகூட அல்ல. நீர் வற்றியிருந்த வேளையில், மேடையின் விளிம்பில் நின்றபடி ஒரு கிலோவுக்குக் குறையாத கெளுத்தியைக் கோலாலேயே நேராக மேலே தூக்கினேன். கோல் நெட்டுக்குத்தாக நின்றதால் பாரம் முழுவதும் மெல்லிய நுனிப்பகுதியில் இறங்கி, பட்டென்று போயிற்று. கைவலை ஒன்று 35 வெள்ளிக்குக் கிடைக்கும். பக்கத்தில் நின்ற பெரியவர் ஒருவர், “மீன் தப்பல அண்ணே, கோல்தான் தப்பல” என்று சொன்னதை இன்னும் மறக்கவில்லை. என்னைவிட இருபது வயது மூத்தவர் என்னை அண்ணே என்றதில் இருந்த கிண்டலையும் மறக்கவில்லை.

மற்றொரு கோல் படகுக்கானது. கெண்டித் தீவுப் பயணம் ஒன்றுக்காக வாங்கினேன். எனக்குக் கடல் ஒவ்வாது என்பது படகு புறப்பட்ட அரைமணி நேரத்தில் தெரிந்தது. அந்தக் கோலைப் பற்றிச் சொல்ல வேறொன்றுமில்லை. மேலே படுக்கும் உருளை வகை ரீல் ஒன்றும் இப்படித்தான். கைப்பிடி வலப்பக்கம் இருப்பதை மாற்றிக்கொள்ளலாம் என்று நினைத்து வாங்கினேன், அந்த வகையில் கைப்பிடி பிறந்த பக்கத்திலேயே இருக்கும்.

அதிக நேரம் எடுத்தது இரண்டாவது ரீல். அதன் பெட்டியில் டிராக் 10 கிலோ என்று இருந்தது. மீன் இழுக்கும்போது நரம்பு அறாமல், குறித்த விசைக்கு மேல் போனால் வழுக்கிக் கொடுக்கும் பிடிமானத்தையே டிராக் என்கிறோம். பெட்டியில் போடும் எண் அதை இறுக்கி முடித்தால் கிடைக்கும் உச்சம். கரையில் அது பயன்படுவதே இல்லை. நரம்பு அறும் விசையில் நான்கில் ஒரு பங்கு முதல் மூன்றில் ஒரு பங்கு வரை வைப்பது பொது வழக்கம். என்னுடைய 20 பவுண்டு நைலான் நரம்பு ஏறக்குறைய 9 கிலோவில் அறும் என்றால், எனக்குத் தேவை 2.5 கிலோ மட்டுமே. இதற்காகவா 10 கிலோ என்ற எண்ணுக்குப் பணம் கொடுத்தேன் என்று கேட்டுக்கொண்டேன்.

பயணப் பெட்டி எடைபோடும் கைத்தராசைப் படிக்கட்டுக் கம்பியில் மாட்டி, நரம்பைக் கட்டி, ரீலைக் கோலில் பொருத்தாமல் கையில் பிடித்து நேராக இழுத்தேன். முதல் நாள் கணக்கு ஒன்றும் ஒத்துவரவில்லை. எவ்வளவு இறுக்கினாலும் 2 கிலோவுக்குள் வழுக்கியது. டிராக் கெட்டுவிட்டது என்று எழுதி, கோடிட்டு மூடிவைத்தேன். மறுவாரம் உற்றுப் பார்த்தபோதுதான் நரம்பைத் தாங்கும் உருளையான ஸ்பூல் அசையவே இல்லை, அதன் மேல் சுற்றியிருந்த பின்னல் நரம்பு மொத்தமாகச் சறுக்கிச் சுழல்கிறது என்பது புரிந்தது. பின்னல் நரம்பு வழவழப்பானது. வெற்று உலோகத்தில் நேரடியாகச் சுற்றினால் அது பிடிப்பதில்லை. அடியில் சில மீட்டர் நைலான் சுற்றிவிட்டு அதன்மேல் சுற்ற வேண்டும். முதல் வாரக் குறிப்பை அடித்துவிட்டு, நைலான் நரம்பை ஏற்றி மீண்டும் அளந்தேன்.

இம்முறை உண்மையான குறை வெளிப்பட்டது. கையால் முழுக்க இறுக்கியபோது 6.4 கிலோ வந்தது. அது பெட்டியின் எண்ணுக்குக் குறைவு என்பது எனக்குப் பொருட்டல்ல. ஓடும்போது 2.5 கிலோ காட்டும்படி வைத்துவிட்டு, நிறுத்தி மறுபடி இழுத்தால், ஸ்பூல் அசையத் தொடங்கவே 3.9 கிலோ தேவைப்பட்டது. அசைந்த பிறகு விட்டுவிட்டு, உதறி உதறி ஓடியது. கொடுவா, அதாவது இங்கே எல்லாரும் சியாக்காப் என்று சொல்கிற மீன், தூணை நோக்கித் திடீரெனப் பாயும் அந்த முதல் நொடியில் நரம்புக்கு வேண்டியது தயக்கமின்றி விட்டுக்கொடுக்கும் ரீல். சிப்பி ஒட்டிய தூணில் உரசி மெலிந்த நரம்பு இந்த உதறலைத் தாங்காது. மூன்று நல்ல மீன்களை நான் முடிச்சு சரியில்லை என்று நினைத்து இழந்திருக்கிறேன். திறந்து பார்த்ததில் உள்ளே டிராக்குக்குப் பிடிமானம் தரும் கம்பளி வாஷர்கள், உப்பு நீர் ஊறி ஒரு பக்கம் கெட்டியாகியிருந்தன.

இவற்றுக்கிடையே நன்றாக உழைப்பது எது என்றால், ஜெலுத்தோங்கில் ஓய்வுபெற்ற ஒருவரிடம் 40 வெள்ளிக்கு வாங்கிய கண்ணாடியிழைக் கோல். கனமானது, நிறம் மங்கியது, நுனி வளையத்தை ஒருமுறை மாற்றியிருக்கிறேன். பின்னல் நரம்பு அந்த வளையத்தின் உள்விளிம்பில் பள்ளம் போட்டுவிட்டிருந்தது, பஞ்சை உள்ளே விட்டுச் சுழற்றினால் இழை சிக்கிக்கொண்டதில் அது தெரிந்தது. அடிப்பிடி வரை வளைந்து கொடுக்கிறது, 80 கிராம் ஈயத்தையும் முனகாமல் வீசுகிறது. அதன்மேல் உட்காருவது மலேசியாவில் தயாரானது என்று முத்திரையிட்ட 4000 அளவு ரீல். அதன் பெட்டியில் பேரிங் எண்ணிக்கை மூன்றுதான்.

சென்ற மாதம் இரண்டாவது ரீலுக்குக் கரியிழை வாஷர்கள் 28 வெள்ளிக்கு வாங்கி, அதற்குரிய கிரீஸை மெல்லியதாகத் தடவிப் போட்டேன். மீண்டும் படிக்கட்டுக் கம்பியில் கட்டி அளந்ததில், ஓடும்போது 2.5 கிலோ, அசையத் தொடங்க 2.7. ஐந்து முறை அளந்தேன், ஒரே மாதிரி வந்தது. சென்ற சனிக்கிழமை பிற்பகல் நீர் ஏறத் தொடங்கிய நேரத்தில் அதைப் பழைய கோலில் பூட்டி, பத்து மாவுங்கில் உயிர் இறாலைக் கோத்து வீசினேன். ஐந்தரை மணிக்குத் திருக்கை ஒன்று எடுத்தது. சிறிது தூரம் ஓடி அடிமண்ணில் அப்பிக்கொள்ளும், பிறகு எழுந்து மறுபடி ஓடும்; ஒவ்வொரு ஓட்டத்திலும் ரீல் ஒரே சுருதியில் நரம்பை விட்டுக்கொடுத்தது. பத்து நிமிடங்களுக்குப் பிறகு தூண்டில் முள் கழன்று வந்துவிட்டது.

அன்றிரவே டிராக் குமிழை இறுக்கி மூடி, நன்னீரை மெல்லத் தெளித்துக் கழுவி, துடைத்த பின் குமிழைத் தளர்த்தி வைத்தேன். வேகமாகப் பீய்ச்சினால் உப்பு உள்ளேதான் போகும். மறுநாள் திறந்தபோது வாஷர்கள் உலர்ந்திருந்தன. நரம்பு திரும்பும் உருளைக்குள் இருக்கும் ஒற்றைப் பேரிங்கில் மட்டும் செம்பழுப்புக் கறை கண்டேன். அதன் அளவைக் குறித்துக்கொண்டு, 6 வெள்ளிக்குப் புதியது சொல்லியிருக்கிறேன்.