பேரச் சொன்னா ஆளு கெடைக்காது, நம்பரச் சொல்லணும்

போன ஐப்பசியில ஒரு நா, மழை தூறிக்கிட்டு கெடக்கு, காலையில கடை ஷட்டரத் தூக்க வாரேன், படியில ஒரு பெரியம்மா உக்காந்திருக்காவ, மடியில மஞ்சப்பை. எங்க கடை பாளையங்கோட்டையில (பாளைன்னுதான் சொல்லுவோம்) கோர்ட்டுக்குப் போற வழி, ஜெராக்ஸ், ஆன்லைன் வேலை, டைப்பிங் எல்லாம் உண்டு, அதனால வெள்ளன வந்து காத்துக் கெடக்குற ஆளுக எனக்குப் புதுசு இல்ல. ஆனா அந்தம்மா கையில ஒரு துண்டு பேப்பர்கூட கெடையாது. மகன முந்தின நா ராத்திரி மப்டியில வந்த ரெண்டு பேரு 'சின்ன விசாரணைதான், காலையில வந்துருவான்'னு சொல்லி கட்டியிருந்த சாரத்தோட (லுங்கிதான்) வண்டியில ஏத்திட்டுப் போயிருக்காங்க, ஊரு ஸ்டேஷன்ல கேட்டா இங்க இல்லன்னுட்டாங்க, அடுத்த ஸ்டேஷன்ல கேட்டா நாங்க பிடிக்கலங்காங்க, பஸ்ஸுல எவனோ 'பாளை ஜெயிலுக்குக் கொண்டு போயிருப்பாங்க'ன்னு சொல்லவும் நேரா மத்திய சிறை வாசலுக்குப் போயிருக்காவ, அங்க பாராவுல நின்னவரு 'இன்னும் ரிமாண்டே ஆயிருக்காதும்மா, கேஸு நம்பர் என்ன?'ன்னு கேக்க, அங்கருந்து என் கடைக்கு.

"தம்பி, கம்ப்யூட்டர்ல பேரப் போட்டா ஆளு எங்கன இருக்கான்னு சொல்லிருமாம்லா?"

சொல்லாது. அதுவும் பையன் பேரு இசக்கின்னா சத்தியமா சொல்லாது. நம்ம பக்கம் ஊருக்குப் பத்து இசக்கிமுத்து, பத்து சுடலைமுத்து இருப்பான், குலசாமி பேர வச்சிட்டு நாம பாட்டுக்கு இருக்கோம், ஆனா அத இங்கிலீஷ்ல டைப் அடிக்கும்போது ஒரு ஸ்டேஷன் ரைட்டர் 'ஈ' எழுத்துல ஆரம்பிப்பாரு, இன்னொருத்தரு 'ஐ'ல ஆரம்பிப்பாரு, ஒருத்தரு ரெண்டு 'எஸ்' போடுவாரு, இன்னொருத்தரு ரெண்டு 'கே' போடுவாரு. ஒரு எழுத்து தப்புனா கம்ப்யூட்டருக்கு அது வேற ஆளு. அதனாலதான் எங்க போனாலும் அப்பா பேரும் வயசும் கேக்காங்க, நம்மள அலைக்கழிக்க இல்ல (சில நேரம் அதுக்கும்தான்).

ஸ்டேஷனுக்கு ஒரு நம்பர், கோர்ட்டுக்கு ஒரு நம்பர், ஜெயிலுக்கு ஒரு நம்பர். மொதல் நம்பர் கைக்கு வந்துட்டா மத்தது பின்னாலயே வரும். அந்த மொதல் நம்பர்தான் குற்ற எண், க்ரைம் நம்பர்னு சொல்லுவாங்க, எஃப்.ஐ.ஆர். நம்பரும் அதுதான், நம்பர் போட்டு ஒரு கோடு இழுத்து வருசம் எழுதியிருக்கும்.

அத எப்படி வாங்க? ஆளப் பிடிச்சா அவன் சொல்லுற சொந்தக்காரருக்கோ கூட்டாளிக்கோ தகவல் சொல்லணும், எங்க வச்சிருக்காங்கன்னும் சொல்லணும், அது போலீஸ் தயவு இல்ல, சட்டம். 1996ல டி.கே.பாசு வழக்குல சுப்ரீம் கோர்ட் சொன்னது, பொறவு சிஆர்பிசியில, அதான் பழைய குற்றவியல் நடைமுறைச் சட்டத்துல, ஏறுச்சு, இப்ப 2024 ஜூலை 1லருந்து அதுக்குப் பதிலா வந்திருக்க பிஎன்எஸ்எஸ்ங்குற புதுச் சட்டத்துல 48வது பிரிவு. கைது பண்ணும்போதே ஒரு மெமோ எழுதி, வீட்டு ஆளோ ஊருல மதிப்பா இருக்க ஒருத்தரோ சாட்சிக் கையெழுத்துப் போடணும், அது 36வது பிரிவு. எனக்கு ரொம்பப் பிடிச்சது 37தான், மாவட்டத்துக்கு ஒரு கண்ட்ரோல் ரூம் இருக்கணும், ஒவ்வொரு ஸ்டேஷன்லயும் ஏஎஸ்ஐ (உதவி எஸ்.ஐ.) அந்தஸ்துக்குக் குறையாத ஒருத்தரு, பிடிச்ச ஆளுக பேரு, விலாசம், என்ன கேஸுன்னு விவரம் வச்சிருந்து ஸ்டேஷன்லயும் மாவட்டத் தலைமையிடத்துலயும் எல்லாரு கண்ணுலயும் படும்படி போடணும். அப்படி ஒரு போர்டு இருக்குன்னே பாதிப் பேருக்குத் தெரியாது. "37 பிரிவு போர்டு எங்க இருக்கு ஐயா?"ன்னு மரியாதையா கேட்டுப் பாருங்க, ஏட்டையா குரல் கொஞ்சம் மாறும்.

இதுல நம்மூர்ல ஒரு சிக்கல் உண்டு. திருநெல்வேலி மாநகரம் கமிஷனர் கையில, சுத்தி இருக்க கிராமமெல்லாம் எஸ்.பி. கையில, ரெண்டும் வேற வேற கண்ட்ரோல் ரூம். அந்தம்மா ஊரு எஸ்.பி. எல்லை, ஆனா பிடிச்சது சிட்டி ஸ்டேஷன் ஆளுக, களவு போன வண்டி கேஸாம். ஊரு ஸ்டேஷன்ல 'எங்களுக்குத் தெரியாது'ன்னது பொய்யில்லன்னு அப்பந்தான் வெளங்குச்சு. கண்டுபிடிச்சது எப்படின்னா, 15100க்கு போன் போட்டோம், இலவச சட்ட உதவி நம்பர், அங்கருந்து மாவட்ட சட்டப்பணிகள் ஆணைக்குழுவுல கேக்கச் சொன்னாங்க, அதுவும் கோர்ட் வளாகத்துலயேதான், அங்க இருந்த ஒரு வக்கீலம்மா ரெண்டு கண்ட்ரோல் ரூமுக்கும் பேசி அரைமணி நேரத்துல சொல்லிட்டாங்க. அந்தம்மா ராத்திரி பூரா நாலு பஸ் ஏறி எறங்குனதுக்குப் பதில் ஒரு போன்.

பிடிச்ச 24 மணி நேரத்துக்குள்ள, வழிப் பயண நேரம் நீங்கலா, மாஜிஸ்ட்ரேட் முன்னால நிறுத்தியே ஆகணும், அரசியல் சட்டத்துலயே 22வது பிரிவுல இருக்கு. அதனால மறுநா சாயங்காலம் கோர்ட்டுல நிக்கது ஸ்டேஷன் வாசல்ல நிக்கதவிட மேல். ஞாயித்துக்கெழமைன்னா மாஜிஸ்ட்ரேட் வீட்டுலயே கொண்டு நிறுத்துவாங்க, எந்த மாஜிஸ்ட்ரேட் அன்னைக்குப் பொறுப்புன்னு வக்கீல் குமாஸ்தாக்களக் கேட்டா தெரியும், இந்த ஊருல அவங்களுக்குத் தெரியாத சங்கதி இல்ல. 24 மணி நேரமும் தாண்டிப் போச்சு, ஆளும் கண்ணுல காணோம்னா ஹைகோர்ட் மதுரைக் கிளையில ஆட்கொணர்வு மனுதான், ஆளக் கொண்டாந்து கோர்ட்டுல நிறுத்தச் சொல்லி கேக்குறது, அதுக்கு உடனே வக்கீலப் பாருங்க, என்னப் பாக்காதிய.

குற்ற எண் கெடைச்ச பொறவு என் வேலை சுளுவு. தமிழ்நாடு போலீஸ் வெப்சைட்ல மாவட்டம், ஸ்டேஷன், வருசம், எஃப்.ஐ.ஆர். நம்பர் போட்டா காப்பி எறங்கும். 24 மணி நேரத்துக்குள்ள ஏத்தணும்னு 2016ல சுப்ரீம் கோர்ட் சொல்லிருக்கு, பாலியல் கேஸு, போக்சோ, தீவிரவாதம் மாதிரி உள்ளத மட்டும் ஏத்த மாட்டாங்க. மாவட்டம்னு கேக்குற எடத்துல சிட்டி தனி, மாவட்டம் தனி, அதுல தப்பாத் தட்டிட்டு 'ரெக்கார்டு இல்ல'ன்னு வாரவங்க வாரத்துக்கு ரெண்டு பேரு. பழைய கேஸுன்னா இன்னும் கொழப்பம், தென்காசி 2019லதான் பிரிஞ்சுச்சு, அதுக்கு முந்தி உள்ளத திருநெல்வேலியிலயும் தட்டிப் பாத்துருங்க.

அடுத்து ஜெயில். எல்லாரும் பாளை மத்திய சிறைன்னே நெனைக்காங்க. பொம்பளையாளுன்னா கொக்கிரகுளம், தூத்துக்குடிப் பக்கம் பிடிச்சா பேரூரணி, சில பேர கிளைச் சிறையிலயே வச்சிருப்பாங்க. பதினெட்டு வயசு ஆகாதவன்னா ஜெயிலே கெடையாது, கூர்நோக்கு இல்லம், அவன் பேர வெளிய விட்டாலே குத்தம், அதனால ஆன்லைன்ல தேடிட்டு நேரத்த வீணாக்காதிய. எந்த ஜெயிலுன்னு ரிமாண்ட் உத்தரவுல இருக்கும், கோர்ட்டுலயே கேட்டு எழுதி வாங்கிக்கிடுங்க. இ-முலாகாத்ன்னு ஒரு சைட்ல மனு பாக்க, அதாவது கைதியப் போயிப் பாக்க, முன்கூட்டியே பதியலாம், ஆனா அது மாநிலம், ஜெயில், கைதி பேரு, அப்பா பேருன்னு எல்லாத்தையும் நம்மகிட்டயே கேக்கும், ஆளு எங்க இருக்கான்னு தெரிஞ்சவனுக்குத்தான் அது உதவும். கோர்ட்டு சைட்லயும் எஃப்.ஐ.ஆர். நம்பர் போட்டுத் தேடலாம், குற்றப்பத்திரிகை போயி கேஸுக்கு நம்பர் விழுந்த பொறவு அடுத்த வாய்தா எப்பன்னு வீட்டுலருந்தே பாத்துக்கலாம், கேஸுக்குன்னே தனியா பதினாறு எழுத்துல சிஎன்ஆர்னு ஒரு நம்பர் இருக்கும், அத போன்ல போட்டோ எடுத்து வச்சிக்கிட்டா போதும்.

அந்தம்மா மூணாம் நா மனு போட்டு மகனப் பாத்துட்டு வந்தாவ. மாத்துச் சாரம் கொண்டு போகலையேன்னுதான் அழுதாவ.

இதே கடையில இன்னொண்ணு நடந்துச்சு. தச்சநல்லூர்க்கார அண்ணாச்சி ஒருத்தரு, அவரு தம்பி மகன் டெக்சாஸ்ல வேல பாக்கான், குடிச்சிட்டு வண்டி ஓட்டுனான்னு பிடிச்சிட்டாங்களாம், போன் எடுக்கல. அங்க நம்மள மாதிரி ஒரே போலீஸ் கெடையாது, கவுண்டின்னு நம்ம மாவட்டம் மாதிரி ஒண்ணு, அதுக்கு ஷெரிஃப்னு ஒருத்தரு, கவுண்டி ஜெயில் அவரு கையில. மாநில ஜெயில் தனி, ஃபெடரல் ஜெயில் தனி, ஃபெடரல்ல 1982லருந்து உள்ளே போனவங்க பேர அவங்க சைட்லயே தேடலாம், ஆனா கவுண்டியில இருக்கவன் அதுல வர மாட்டான், குடியேத்தத் துறை பிடிச்சா அதுக்கு இன்னொரு சைட்டு, அதுல ஏ-நம்பரும் (வெளிநாட்டு ஆளுகளுக்கு அந்தத் துறை குடுக்குற நம்பர்) பொறந்த நாடும் கேக்கும். அவன் எந்த கவுண்டியில குடியிருக்கான்னு மட்டும் அண்ணாச்சிகிட்ட கேட்டேன், ஷெரிஃப் சைட்ல பேரத் தட்டுனேன், டீ ஆறல, வந்துட்டு. என்ன கேஸு, எத்தனை மணிக்கு உள்ளே வந்தான், ஜாமீனுக்கு எத்தனை டாலர், கூடவே போட்டோ, கலைஞ்ச தலையோட.

எனக்கு பெருமையாத்தான் இருந்துச்சு, பாத்தியளா அண்ணாச்சி, அங்க எப்படி வச்சிருக்கான்னு. அண்ணாச்சி ஒண்ணும் பேசாம அந்த ஸ்க்ரீன அவரு போன்ல படம் எடுத்தாரு, தம்பிக்கு அனுப்புதேன்னாரு. தம்பிக்குத்தான் அனுப்புனாரு, தம்பி சம்சாரம் அவ அக்காவுக்கு, அக்கா குடும்ப குரூப்புல. பையன் மேல இருந்த கேஸ பொறவு தள்ளுபடி பண்ணிட்டாங்க, ஷெரிஃப் சைட்லருந்தும் பேரு போயிட்டு. ஆனா இந்த மாதிரி போட்டோக்கள அள்ளி வச்சிட்டு, எடுக்கணும்னா காசு குடுன்னு கேக்குற தனியார் சைட்டுக அங்க உண்டு, கலிஃபோர்னியாவுல அப்படிக் காசு வாங்கக்கூடாதுன்னே சட்டம் போட வேண்டி வந்துச்சு. அவன் போட்டோ அந்த மாதிரி ஒரு சைட்ல இன்னும் கெடக்கு. நான் அப்பப்ப தட்டிப் பாப்பேன்.

போன பங்குனி உத்திரத்துக்கு சாஸ்தா கோயிலுக்கு வந்திருந்தான். எல்லாரும் சாப்டியா, எப்ப வந்த, எத்தன நா லீவுன்னு கேட்டாங்க. வேற ஒண்ணும் கேக்கல. பந்தியில என் பக்கத்துலதான் உக்காந்தான், "அண்ணே, அது எல்லாருக்கும் தெரியும்லா?"ன்னான். நான் சாம்பார் வாளிக்காரரக் கூப்பிட்டேன்.