முப்பது விழுக்காடு

2021 மார்ச் 1
சின்னவளுக்கு டிராவே என்னும் கடும் வலிப்பு நோய். அவளது கடந்த ஆறு மாதக் குறிப்பேட்டை இன்றிரவு கூட்டி முடித்தேன்: 84 வலிப்புகள், மாதத்துக்குப் பதினான்கு. புதிய மருந்தைத் தொடங்கி ஆறு மாதம் கழித்து இந்த எண்ணிக்கை 30 விழுக்காடாவது குறைந்திருக்க வேண்டும், இல்லாவிட்டால் மருந்தை நிறுத்திவிட வேண்டும் என்பது 2019 டிசம்பரில் பொது மருத்துவச் சேவை எந்த மருந்தைத் தரலாம் என்று பரிந்துரைக்கும் இங்கிலாந்தின் நைஸ் அமைப்பு விதித்த நிபந்தனை. 58 என்றால் தொடரும்; 59 என்றால் நின்றுவிடும்.

மார்ச் 4
முதல் வேளை. எடை 20 கிலோ, கிலோவுக்கு 2.5 மில்லிகிராம் வீதம் 50 மில்லிகிராம், அதாவது அரை மில்லிலீட்டர். இத்தனை காலம் காத்திருந்த புதிய மருந்தான எபிடியோலெக்ஸ், ஊசியில்லாத பீச்சாங்குழலில் பாதிக்கோடு வரைதான் வந்தது. ஸ்ட்ராபெரி வாசனை. சின்னவள் முகத்தைச் சுளித்தாள், பிறகு உதட்டில் ஒட்டியிருந்ததையும் நக்கிக்கொண்டாள்.

மார்ச் 5
யாழ்ப்பாணத்திலிருந்து அம்மா அழைத்தார். "கஞ்சாவையே பிள்ளைக்குக் குடுக்கிறாய்?" அந்தச் செடியிலிருந்து பிரித்தெடுத்த கன்னாபிடியோல் போதை தருவதில்லை என்று அரை மணி நேரம் விளக்கியும் அவர் மனம் ஆறவில்லை. எள்ளெண்ணெயில் கரைத்திருக்கிறார்கள் என்றதும்தான் குரல் இளகியது. "நல்லெண்ணெய் எண்டு முதலே சொல்லியிருக்கலாமே."

மார்ச் 11
இன்று முதல் ஒரு மில்லிலீட்டர், இரு வேளை.

மார்ச் 17
மூன்று நாளாக வலிப்பு இல்லை; மூன்று நாளாக அவள் என்னை அழைக்கவும் இல்லை. சோற்றுக் கவளத்தை வாயில் வைத்தபடியே உறங்கிவிடுகிறாள். அவள் ஏற்கெனவே எடுக்கும் குளோபசாம் என்ற வலிப்பு மருந்து உடலில் சிதைந்து வெளியேறுவதைப் புதிய மருந்து தடுப்பதால், அதன் வீரியம் இரத்தத்தில் சேர்ந்துகொண்டே போகிறது என்று தாதி தொலைபேசியில் சொன்னார். குளோபசாமைச் சேர்த்துக் கொடுத்தால்தான் இந்த மருந்தே கிடைக்கும் என்பதும் அதே நைஸின் நிபந்தனை! குளோபசாமின் அளவைக் குறைக்கிறார்கள்.

மார்ச் 19
ஈரலுக்கான இரத்தப் பரிசோதனை. வால்புரோயேட் என்ற இன்னொரு வலிப்பு மருந்தும் எடுப்பதால் அடிக்கடி பார்க்க வேண்டுமாம். நரம்பு கிடைக்காமல் இரண்டு கைகளிலும் குத்தினார்கள்.

ஏப்ரல் 3
முதல் மாதம்: 8.

ஏப்ரல் 7
கொலராடோவின் சார்லட் ஃபீகி இறந்து இன்றோடு ஓராண்டு. அவளுக்கும் இதே டிராவே நோய்தான். வாரத்துக்கு 300 வலிப்பு வந்த பிள்ளை. அவளுக்குக் கொடுத்தது வேறு கஞ்சா எண்ணெய் என்றாலும், அவளைப் பார்த்துத்தான் உலகம் இந்தப் பக்கம் திரும்பியது. 2017இல் வெளியான கன்னாபிடியோல் ஆய்வில் 120 பேர்; மருந்து பெற்றவர்களின் மாத வலிப்பு எண்ணிக்கையின் நடுமதிப்பு 12.4இலிருந்து 5.9ஆக இறங்கியது. நடுமதிப்பு என்றால் பாதிப் பேர் அதற்கு மேலே இருந்திருப்பார்கள். அந்தப் பாதியைப் பற்றியே நினைத்துக்கொண்டிருக்கிறேன்.

ஏப்ரல் 22
அதிகாலை 3.10. உடல் விறைத்தது, கண்கள் திறந்திருந்தன, கை கால்கள் வெட்டவில்லை, பத்து விநாடியில் தளர்ந்துவிட்டாள். நைஸ் எண்ணச் சொல்வது உடல் வெட்டி இழுக்கும் வலிப்புகளை மட்டுமே. இதை எதில் சேர்ப்பது? பென்சிலால் எழுதி வைத்தேன். மருந்து கைவிட்டுப் போகக்கூடாது என்ற ஆசையில், கண்ணெதிரே நடந்ததையே குறைத்து எண்ணுகிறேனோ என்று விடியும்வரை உறக்கம் வரவில்லை.

மே 3
இரண்டாம் மாதம்: 10. பென்சிலையும் சேர்த்தால் 11.

மே 9
இல்லை.

மே 10
இல்லை. "அம்மா, தண்ணி" என்றாள்.

மே 11
குளியல் நீர் சற்றுச் சூடாகிவிட்டது. அவளுக்குச் சூடு ஆகாது என்று தெரிந்தும் கையை விட்டுப் பார்க்காதது என் பிழை. ஐந்து நிமிடம் தாண்டினால் கன்னத்துக்குள் செலுத்த வேண்டிய, வலிப்பை நிறுத்தும் மிடசோலத்தை மூடி கழற்றிப் பிடித்திருந்தேன். நான்கு நிமிடம் நாற்பது விநாடியில் நின்றது. பேனாவால் எழுதினேன்.

மே 12
வெள்ளிக்கிழமை மருத்துவர் குறிப்பேட்டைக் கொண்டுவரச் சொல்லியிருக்கிறார். ஏப்ரல் 22ஆம் திகதிப் பக்கம் இன்னும் பென்சிலில்தான் இருக்கிறது.