கண் ஆபரேஷனும் கோத்தம் நகரத்து இருட்டும்

கண்புரை ஆபரேஷன் முடிந்தவர் குனியக் கூடாது, கண்ணைக் கசக்கக் கூடாது, தலைக்குத் தண்ணீர் ஊற்றக் கூடாது என்று எழுதிக் கொடுப்பார்கள். பேட்மேன் படம் பார்க்கலாமா கூடாதா என்று எந்தச் சீட்டிலும் இருப்பதில்லை.

என் மாமனார் ஓய்வு பெற்ற தாசில்தார். வலது கண்ணில் லென்ஸ் வைத்துக்கொண்டு எங்கள் வீட்டில் தங்கியிருந்தார். பேப்பர் படிக்க அத்தை விடவில்லை. செய்தி சேனல் வைத்தால் அவருக்கு பிரஷர் ஏறும், சீரியல் வைத்தால் எங்களுக்கு ஏறும். பையனுக்கோ பள்ளி விடுமுறை. அலமாரியில் நான் வருஷக்கணக்காகச் சேர்த்து வைத்திருக்கும் பேட்மேன் அனிமேஷன் டிஸ்க்குகள் தூசி தட்டப்படக் காரணம் இவ்வளவுதான்.

"பொம்மைப் படம்தானே, போடுங்க மாப்பிள்ளை" என்று மாமா ஒப்புதல் கொடுத்தார். பேரன் பக்கத்தில் உட்கார்ந்து தமிழில் சொல்வதாக ஏற்பாடு. அவன் மொழிபெயர்ப்பு சிக்கனமானது. இரண்டு நிமிஷம் ஒருவர் உருக்கமாகப் பேசி முடித்தால், "அவர் சோகமா இருக்காராம் தாத்தா" என்பான்.

முதலில் 1993-இல் வந்த 'மாஸ்க் ஆஃப் த ஃபேன்டாசம்'. பேட்மேன் அனிமேஷன் படங்களில் எனக்கு என்றைக்கும் முதலிடம் இதற்குத்தான். அதைச் சொல்லித்தான் போட்டேன். ஐந்து நிமிஷம் ஆகியிருக்காது, மாமா கறுப்புக் கண்ணாடியைக் கழற்றினார், மாட்டினார், மறுபடி கழற்றினார்.

"மாப்பிள்ளை, ஆபரேஷன் பண்ணியும் ஒண்ணுமே தெரியலையே. எல்லாம் இருட்டா இருக்கு."

அத்தை பதறிப்போய் டாக்டர் நம்பரைத் தேட ஆரம்பித்துவிட்டார். டிவியை நிறுத்திவிட்டு விளக்கம் சொல்ல வேண்டியதாயிற்று. இந்தப் படத்துக்கு அடிப்படை 1992-இல் தொடங்கிய டிவி தொடர். அதன் பின்னணிக் காட்சிகளை வெள்ளைத் தாளில் வரையாமல் கறுப்புத் தாளில் வரைந்தார்கள். வெள்ளைத் தாளில் இருட்டைப் பூசிச் சேர்க்க வேண்டும். கறுப்புத் தாளில் இருட்டு ஏற்கெனவே இருக்கும், வெளிச்சத்தை மட்டும் வைத்தால் போதும். எரிக் ரடோம்ஸ்கியின் வேலை இது. அவரும் புரூஸ் டிம்மும் சேர்ந்துதான் இந்தப் படத்தையும் இயக்கினார்கள்.

"அப்ப கண்ணுல கோளாறு இல்ல?"

"இல்ல மாமா, ஊரே அப்படித்தான்."

"தெருவிளக்கு போடாத முனிசிபாலிட்டி" என்று குறித்துக்கொண்டு சாய்ந்து உட்கார்ந்தார்.

அதற்கப்புறம் அவர் பாதி நேரம் கண்ணை மூடிக்கொண்டுதான் படம் பார்த்தார், அதாவது கேட்டார். அதில் ஒரு லாபம் இருந்தது. "இவன் வீட்டுல ஒரு குரல், டியூட்டில ஒரு குரல் பேசுறான்" என்று தானாகவே கண்டுபிடித்தார். பேட்மேனுக்குக் குரல் கொடுத்த கெவின் கான்ராயின் பெருமையே அதுதான். முகமூடி இல்லாத நேரத்தில் பேட்மேனின் பெயர் புரூஸ் வெய்ன். அந்த புரூஸ் வெய்னுக்கு இலேசான ஒரு குரல், முகமூடி போட்டதும் அடிவயிற்றிலிருந்து வேறொரு குரல். 2022-இல் அவர் இறக்கும்வரை பலருக்கு அந்தக் குரல்தான் பேட்மேன். "நானும் ஆபீஸ்ல அப்படித்தான்" என்றார் மாமா. "வீட்டுலயும் ஆபீஸ் குரல்தான்" என்று சமையலறையிலிருந்து பதில் வந்தது.

அந்தப் படத்தின் தொடக்கத்தில், பேட்மேனின் ஊரான கோத்தம் நகரத்தின் மேல் பறந்து போகும்போது ஒரு பெரிய கோரஸ் பாடும். ஏதோ லத்தீன் பிரார்த்தனை என்றுதான் தோன்றும். உண்மையில் இசையமைப்பாளர் ஷெர்லி வாக்கர், கூட வேலை பார்த்தவர்களின் பெயர்களைத் திருப்பிப் போட்டுப் பாட வைத்திருந்தார். இதைச் சொன்னதும் மாமாவுக்கு உற்சாகம் தாங்கவில்லை. தன்னிடம் வேலை பார்த்த ஆறுமுகத்தை "ம்கமுறுஆ" என்று ராகம் போட்டு இழுத்துப் பார்த்தார். பேரன் விழுந்து விழுந்து சிரித்ததில் கதையில் முதல் கொலை யாருக்கும் தெரியாமல் நடந்து முடிந்துவிட்டது.

கதை இதுதான். பேட்மேனைப் போலவே முகமூடியும் அங்கியுமாக ஒரு உருவம் ஊரின் பழைய ரவுடிகளை ஒவ்வொருவராகத் தீர்த்துக் கட்டுகிறது. பழி பேட்மேன் மேல் விழுகிறது. ("ஆள்மாறாட்டம்" என்றார் மாமா, செக்‌ஷன் நம்பர் சொல்லாத குறை.) நடுநடுவே பத்து வருஷம் பின்னால் போய், இளைஞன் புரூஸ் ஆண்ட்ரியா என்ற பெண்ணைக் காதலித்த கதை வருகிறது. இந்த இடத்தில் அத்தை கரண்டியோடு வந்து நாற்காலி நுனியில் உட்கார்ந்தார்.

புரூஸ் மோதிரத்தோடு அவளிடம் கேட்கிறான். அந்த நேரம் பார்த்து நிலத்துக்கு அடியிலிருந்து வவ்வால் கூட்டம் குபீரென்று கிளம்புகிறது. "சகுனமே சரியில்ல" என்றார் அத்தை. சரியாகத்தான் சொன்னார். மறுநாள் மோதிரம் திரும்பி வந்துவிடுகிறது.

அதற்கு முன்னால் ஒரு காட்சி இருக்கிறது. கொட்டும் மழையில் புரூஸ், சின்ன வயதிலேயே கொலையில் பறிகொடுத்த அப்பா அம்மாவின் கல்லறை முன்னால் மண்டியிட்டு, குற்றவாளிகளோடு போராடுவேன் என்று உங்களுக்குக் கொடுத்த வாக்கிலிருந்து என்னை விட்டுவிடுங்கள், நான் சந்தோஷமாக இருப்பேன் என்று எதிர்பார்க்கவே இல்லை என்று கெஞ்சுவான். சந்தோஷம் வந்துவிட்டதே என்று அழும் சூப்பர் ஹீரோவை நான் வேறெங்கும் பார்த்ததில்லை. கோடிக்கணக்கில் கொட்டி எடுத்த பேட்மேன் படங்களில்கூட இதற்கு இணையான காட்சி எனக்குக் கிடைக்கவில்லை. பையன் இதை எப்படிச் சொல்லப்போகிறான் என்று பார்த்தேன். "கல்யாணம் பண்ணிக்கவான்னு கேக்கறாரு" என்றான். அதைவிடச் சுருக்கமாக யாராலும் சொல்ல முடியாது.

"அந்தப் பொண்ணைக் கட்டி வச்சிருந்தா இந்த வவ்வால் வேஷமே தேவைப்பட்டிருக்காது" என்பது அத்தையின் தீர்ப்பு. அந்தப் படத்தைப் பற்றிப் பக்கம் பக்கமாக வந்த கட்டுரைகள் எல்லாம் சுற்றி வளைத்து இந்த இடத்துக்குத்தான் வந்து சேர்கின்றன. கொலை செய்வது யார் என்பதையும் அவர் பாதிப் படத்திலேயே சொல்லிவிட்டார், நான் இங்கே சொல்ல மாட்டேன். படம் வந்த சமயத்தில் விற்ற அந்தக் கொலையாளியின் பொம்மையே முகமூடி இல்லாமல் அட்டையில் நின்று அந்த ரகசியத்தை உடைத்துவிட்டது என்பது தனிக் கூத்து. நேரடியாக வீடியோவில் விட எடுத்ததைக் கடைசியில் மனசை மாற்றிக்கொண்டு, கிறிஸ்துமஸ் அன்று தியேட்டருக்கு அனுப்பினார்கள். சுமார் 60 லட்சம் டாலர் செலவு, வசூல் அதைக்கூடத் தொடவில்லை.

அடுத்து 2010-இன் 'அண்டர் த ரெட் ஹுட்'. இதன் முதல் சில நிமிஷங்களில் பேட்மேனின் பரம எதிரியான ஜோக்கர், பேட்மேனின் கூட்டாளிச் சிறுவன் ராபினை இரும்புக் கடப்பாரையால் அடிப்பான். விஷயம் தெரிந்த என் மனைவி பையனைக் கொத்தமல்லி வாங்க அனுப்பினாள். அவன் சீக்கிரம் வந்துவிட்டதால் கறிவேப்பிலைக்கும் அனுப்பினாள். கறிவேப்பிலைக்குக் காசு கொடுத்தது எங்கள் தெருவில் அன்றைக்குத்தான் முதல் தடவையாக இருக்கும்.

அந்த ராபின், ஜேசன் டாட், காமிக்ஸில் 1988-இலேயே செத்துப் போனவன். செத்த விதத்தைச் சொல்லித்தான் நான் மாட்டிக்கொண்டேன். அவன் பிழைக்க வேண்டுமா, சாக வேண்டுமா என்று வாசகர்களிடமே கேட்டார்கள். இரண்டு போன் நம்பர், ஒரு அழைப்புக்கு 50 சென்ட். சாகட்டும் என்று 5,343 ஓட்டு, பிழைக்கட்டும் என்று 5,271. 72 ஓட்டில் பையன் போய்விட்டான்.

எத்தனையோ தேர்தல் வேலை பார்த்த மனிதர் நிமிர்ந்து உட்கார்ந்தார்.

"மறு எண்ணிக்கை கேட்டாங்களா?"

"இல்ல மாமா."

"ஒருத்தரே நாலு தடவை போன் பண்ணா?"

"பண்ணலாம். காசு கட்டணும், அவ்வளவுதான்."

"காசு கட்டி ஓட்டா!" படத்தை நிறுத்தச் சொல்லி, இந்தத் தேர்தல் ஏன் செல்லாது என்று விளக்கினார். அவர் கணக்கில் ஜேசன் டாட் சட்டப்படி உயிரோடுதான் இருக்கிறான். படத்திலும் அவன் உயிரோடு திரும்பி வந்ததும், "பாத்தீங்களா" என்று என்னைப் பார்த்த பார்வையில் நீதிமன்றத் தீர்ப்பே வந்துவிட்ட பெருமிதம்.

இந்தப் படம் நிற்பதே கடைசிச் சண்டையில்தான். அடிதடி முடிந்து ஒரு பாழடைந்த அறையில் ஜேசன் கேட்பது ஒன்றே ஒன்று. நீ என்னைக் காப்பாற்றாததை மன்னித்துவிட்டேன், என்னைக் கொன்றவனை இன்னும் ஏன் உயிரோடு விட்டு வைத்திருக்கிறாய்? கொல்வது ரொம்பச் சுலபம், அங்கே போனால் திரும்பி வர மாட்டேன் என்கிறார் பேட்மேன். வீடு இரண்டாகப் பிளந்தது. மாமா ஜேசன் கட்சி, அத்தை பேட்மேன் கட்சி. "வளத்த பிள்ளைக்கு அப்படி ஆனா ஒரு அப்பன் சும்மா இருப்பானா?" "சும்மா இருக்கிறதுதான் கஷ்டம்." இரவு தோசை ஊற்ற ஒரு மணி நேரம் தாமதம்.

நடுவில் சில படங்கள் வேகமாகக் கழிந்தன. 'கோத்தம் நைட்', 2008-இல் ஜப்பானிய ஸ்டுடியோக்கள் தங்களுக்குள் பங்கு போட்டுச் செய்த ஆறு குறும்படங்கள். ஒவ்வொன்றிலும் பேட்மேனுக்கு முகம் மாறும். கண்ணைத் திறந்து பார்த்த நேரமெல்லாம் "ஆளை மாத்திட்டாங்களா?" என்றார் மாமா. மூடிக்கொண்டால் அதே கான்ராய் குரல், பிரச்சினை தீர்ந்தது. 'ரிட்டர்ன் ஆஃப் த ஜோக்கர்' படத்தில் கிழவராகிவிட்ட புரூஸ் வெய்ன், கைத்தடியோடு குகையில் உட்கார்ந்து வேறொரு பையனுக்கு இயர்போனில் உத்தரவு போடுவார். மாமாவுக்கு அவரை ரொம்பப் பிடித்தது. ஓய்வு பெற்ற பிறகும் தினமும் ஆபீசுக்கு போன் செய்தவருக்குப் பிடிக்காமல் இருக்குமா? 'த கில்லிங் ஜோக்' டிஸ்க்கை மட்டும் மனைவி எடுத்து ஒளித்து வைத்துவிட்டாள். முன்பாதியில் பேட்கேர்ள் கதை என்று ஒட்டவைத்திருப்பதைப் பார்த்தவர்கள் அதை ஒரு நஷ்டமாக நினைக்க மாட்டார்கள்.

மாமாவின் மனசைப் பிடித்த படம் வேறு. 2011-இல் வந்த 'பேட்மேன்: இயர் ஒன்'. ஒரு மணி நேரத்துக்குக் கொஞ்சம் மேலே, அவ்வளவுதான். பெயர்தான் பேட்மேன், கதை பெரும்பாலும் ஜிம் கார்டனுடையது. லஞ்சத்தில் ஊறிய ஒரு ஊருக்கு மாற்றலாகி வரும் நேர்மையான போலீஸ் அதிகாரி, வீட்டில் கர்ப்பிணி மனைவி, ஆபீசில் சுற்றிலும் திருடர்கள். குரல் பிரையன் கிரான்ஸ்டன். சக போலீஸ்காரர்களே முகமூடி போட்டு வந்து கார்டனை அடித்துவிட்டுப் போகும் காட்சியில் மாமா இருக்கையை விட்டு எழுந்துவிட்டார். தனக்கு எந்தெந்த ஊருக்கு மாற்றல் வந்தது என்ற பட்டியல் தொடங்கியது. எனக்கு மனப்பாடமான பட்டியல் என்பதால் படத்தை நிறுத்தவில்லை. கார்டன் கூட வேலை பார்க்கும் பெண்ணோடு பழக ஆரம்பித்ததும் பட்டியல் தானாக நின்றது. அத்தை மாமாவைத் திரும்பிப் பார்த்தார். "அது கதைக்காக வச்சிருக்கான்" என்றார் மாமா அவசரமாக.

கடைசியில் கார்டனின் கைக்குழந்தை பாலத்திலிருந்து விழுகிறது. முகமூடி இல்லாமல் வந்த புரூஸ் குதித்துக் காப்பாற்றுகிறான். எதிரே முகத்துக்கு முகம் நிற்கும் கார்டன், கண்ணாடி இல்லாமல் எனக்கு ஒன்றும் தெரியாது என்று சொல்லி அவனைப் போக விடுகிறார்.

மாமா கைதட்டினார். நிஜமாகவே. "கண்ணு தெரியலன்னு எழுதிட்டான் பாருங்க மாப்பிள்ளை. ஃபைலும் சுத்தம், மனசும் சுத்தம். இவன்தான் அதிகாரி."

பையனுக்கு இதெல்லாம் சலித்துப் போய், அவன் பங்குக்கு 2017-இன் 'த லெகோ பேட்மேன் மூவி'. வெளிச்சமும் வண்ணமுமாக ஒரு கோத்தம். "இப்பத்தான் கண்ணு நல்லாத் தெரியுது" என்றார் மாமா. சிரிப்புப் படம்தான், ஆனால் ஊரைக் காப்பாற்றிவிட்டு வரும் பேட்மேன் அந்தப் பெரிய மாளிகையில் தன்னந்தனியாக மைக்ரோவேவ் முன்னால் நின்று லாப்ஸ்டரைச் சூடு பண்ணும் காட்சியில் யாரும் சிரிக்கவில்லை, பேரனைத் தவிர. "ஆக்கிப் போட ஆளில்லாம பாவம்" என்றார் அத்தை. உனக்கு இந்த மாதிரி கட்டம் 2016, 2012, 2008 என்று வீட்டு வேலையாள் ஆல்ஃபிரட் பழைய பேட்மேன் படங்களின் வருஷங்களாக அடுக்கிக்கொண்டே போய், 1966-இல் வந்த அந்த விசித்திரமான ஒன்று என்று முடிப்பாரே, அந்த இடத்தில் நான் ஒருவன்தான் சிரித்தேன்.

படம் ஓடிக்கொண்டிருக்கும்போதே அத்தைக்கு அவர் தங்கையிடமிருந்து போன். கண் எப்படி இருக்கு என்பதில் ஆரம்பித்து, பேச்சு ஃபேன்டாசம் கதைக்குப் போய்விட்டது. "நல்ல வசதியான பையன்டி. அப்பா அம்மா சின்ன வயசிலேயே தவறிட்டாங்க. ஒரு பொண்ணைப் பாத்தான், அது தட்டிப் போச்சு. அப்புறம் கட்டிக்கவே இல்ல. அவ்வளவு பெரிய வீடு, ஒரே ஒரு சமையக்காரர்." அந்தப் பக்கம் ஏதோ கேட்டிருக்க வேண்டும். அத்தை போனைக் கையால் பொத்திக்கொண்டு என் பக்கம் திரும்பினார்.

"மாப்பிள்ளை, அந்தப் பையனுக்கு வயசு என்ன? தங்கச்சி அவ நாத்தனார் மகளுக்குக் கேக்கறா."

"1939-ல காமிக்ஸ்ல பிறந்தவர் அத்தை" என்றேன்.

அத்தை கொஞ்ச நேரம் யோசித்தார். "வயசு கூடுதலாம்" என்று போனில் சொல்லிவிட்டு, குரலைத் தாழ்த்தி, "ஆனா சொத்து இருக்கு" என்றார்.