பாளையங்கோட்டையில் உடற்பயிற்சிக்கு ஓர் இடம்

சிங்கப்பூரில் பிறந்து வளர்ந்து, கல்யாணமாகிப் பாளையங்கோட்டைக்குக் குடிவந்தவள் நான். வெயிலும் காரமும் சீக்கிரமே பழகிவிட்டன. உடற்பயிற்சிக்கு ஓர் இடம் தேடுவதுதான் பெரும்பாடாகிவிட்டது.

சிங்கப்பூரில் இதைப் பற்றி யோசித்ததே கிடையாது. அடுக்குமாடிக் குடியிருப்பின் அடியிலேயே கம்பிகளும் மிதிகருவிகளும் இருக்கும்; காசு இல்லை. கொஞ்சம் நடந்தால் ஆக்டிவ்எஸ்ஜி என்ற அரசு விளையாட்டுத் திட்டத்தின் உடற்பயிற்சிக் கூடம். 2014-இல் அந்தத் திட்டம் வந்தபோது, சேர்ந்த குடிமக்களின் கணக்கில் 100 வெள்ளி (சிங்கப்பூர் டாலர்) வரவு வைத்தார்கள். நான் போய்க்கொண்டிருந்தபோது ஒரு தடவை நுழைய இரண்டரை வெள்ளி. போகிற அன்றைக்குக் கொடுத்தால் போதும்.

பெருமாள்புரத்தில் நான் முதலில் விசாரித்த தனியார் கூடத்தில் மூன்று மாதப் பணத்தை முன்கூட்டியே கேட்டார்கள். அதைக்கூடப் பொறுத்துக்கொண்டிருப்பேன். பெண்களுக்கு நேரம் பகல் பதினொன்று முதல் நான்கு வரையாம்! உலை கொதிக்கிற நேரம், பள்ளிப் பிள்ளைகளை அழைக்கிற நேரம். எந்த வீட்டுப் பெண்ணுக்கு அப்போது ஒழியும்?

"அண்ணா ஸ்டேடியத்தில் கேட்டுப் பாருங்கள் மதினி" என்றாள் நாத்தனார். தமிழ்நாடு விளையாட்டு மேம்பாட்டு ஆணையத்தின் அரங்கம் அது, நீச்சல்குளமும் உண்டு. டிக்கெட் எடுத்து நீந்தலாம் என்று வீட்டில் சொன்னதும் அத்தை சிரித்துவிட்டார். அவர் சீவலப்பேரிக்காரர். "தண்ணீரில் இறங்கக் காசா?" என்றார். சின்ன வயதில் தாமிரபரணியை இக்கரைக்கும் அக்கரைக்குமாக நீந்திக் கடந்தவராம். பிறகு ஏன் விட்டீர்கள் என்று கேட்டேன். "பெரியவள் ஆன பிறகு படித்துறையோடு சரி" என்று சொல்லிவிட்டுக் கீரையை ஆயத் தொடங்கினார். ஆறு அன்றைக்கும் இலவசம்தான்.

கடைசியில் எனக்கு வாய்த்தது வ.உ.சி. மைதானம். விடியும் முன்பே கூட்டம் சேர்ந்துவிடுகிறது. சேலைக்குக் கீழே கேன்வாஸ் ஷூ போட்ட அம்மாக்கள், நால்வர் நால்வராக வழியை அடைத்துக்கொண்டு பென்ஷன் கணக்குப் பேசும் ஓய்வுபெற்ற ஆசிரியர்கள், ஜெபமாலை உருட்டியபடியே வேகம் குறையாமல் சுற்றும் ஒரு பெரியம்மா. சிங்கப்பூரில் காதில் இயர்போனைச் செருகிக்கொண்டு பக்கத்தில் இருப்பவர் முகத்தைக்கூடப் பார்க்காமல் ஓடுவோம். இங்கே இரண்டு நாள் வராவிட்டால் மூன்றாம் நாள் விசாரணைதான்: "காய்ச்சலா, ஊருக்குப் போயிருந்தீர்களா?" வெளியே சைக்கிளில் பதநீர் வந்திருந்தால் ஓலைப் பட்டையைக் குழித்து ஊற்றித் தருவார்கள். நடந்து கரைத்ததெல்லாம் அந்த ஒரு பட்டையில் திரும்பி வந்துவிடும் என்பது வேறு கதை.

திருநெல்வேலி டவுனிலிருந்து வரும் ஓர் அக்காவுக்கு இதில் பைசா செலவில்லை. 2021 முதல் சாதாரண நகரப் பேருந்துகளில் பெண்களுக்கு டிக்கெட் கிடையாது. அந்தச் சலுகை இல்லையென்றால் நடப்பதற்காகப் பஸ் ஏறி வருவதை வீட்டில் விட்டிருக்க மாட்டார்கள் என்கிறார்.

திட்டங்களுக்கு இங்கே பஞ்சமில்லை. கிராம ஊராட்சிகளில் 500 அம்மா உடற்பயிற்சிக் கூடங்கள் என்று 2016-இல் அறிவித்தார்கள். 2023 நவம்பரில் மாவட்டந்தோறும் 8 கிலோமீட்டர் நடைபாதைத் திட்டம் வந்தது. ஆனால் எங்கள் தெருவுக்கு அருகே உள்ள சிறு பூங்காவைப் பாருங்கள். கால் வீசும் கருவியில் ஒரு பக்கம் மிதிபலகையே இல்லை. பிள்ளைகள் அதை ஊஞ்சலாக்கிவிட்டார்கள். பெண்கள் கழிப்பறைக்குப் பூட்டு. சாவி வைத்திருப்பவர் ஒன்பது மணிக்கு வருவார். காலை ஐந்தரைக்கு ஒரு விளக்கும் திறந்த கழிப்பறையும் இருந்தால், புதுக் கருவி ஒன்றுகூட வாங்காமலே இன்னும் பத்துப் பெண்கள் வருவார்கள் என்பது என் எண்ணம். சிங்கப்பூரில் நான் பார்த்தது பணக்காரத்தனத்தைவிடப் பராமரிப்பைத்தான். கழன்ற திருகை மறுவாரமே வந்து முடுக்கிவிடுவார்கள்.

போன வாரம் அத்தை தானாகவே கேட்டார், சேலையோடு நீச்சல்குளத்தில் இறங்க விடுவார்களா என்று. விட மாட்டார்கள் என்றேன். முகம் சுருங்கியது. கையும் காலும் மூடிய நீச்சலுடை சிங்கப்பூரில் லிட்டில் இந்தியாவின் தேக்கா கடைகளில் கிடைக்குமா பார் என்று அம்மாவிடம் சொல்லி, அத்தையின் அளவை அனுப்பியிருக்கிறேன். மாமாவிடம் இன்னும் சொல்லவில்லை.