பத்து வருட ஆட்சியும் இரண்டு பழைய தீர்ப்புகளும்

"பத்து வருசம் இருந்தால் காணி அவனுக்குத்தானே, தம்பி?" என்பதுதான் வவுனியாவிலும் முல்லைத்தீவிலும் காணிப் பிணக்கோடு வருபவர்கள் பலர் கேட்கும் முதற்கேள்வி. ஒரு காணியைப் பத்து வருடம் இடையறாது தன் கையில் வைத்து ஆண்டவருக்கு (இதுவே 'ஆட்சி') உரிமை கிடைப்பதைச் சொல்லும் 1871ஆம் ஆண்டின் 22ஆம் இலக்க ஆட்சியுரிமைக் கட்டளைச் சட்டத்தின் 3ஆம் பிரிவை மட்டும் வாசித்தால் ஆம் என்றே தோன்றும். ஆனால் காணி சகோதரர்களுக்குள் பிரிபடாத முதுசமாக இருந்தால், அந்தப் பிரிவை எப்படி வாசிப்பது என்று முன்தீர்ப்புகள்தான் சொல்கின்றன.

கொறயா எதிர் இசெரிஸ் அப்புஹாமி வழக்கில், அன்று இலங்கைக்கான இறுதி மேன்முறையீட்டு மன்றமாக லண்டனில் இருந்த பிரிவிக் கவுன்சில் 1911இல் வகுத்த விதி கண்டிப்பானது: ஒரு பங்காளியின், அதாவது காணியில் பங்குரிமை உள்ள ஒருவரின், ஆட்சி சட்டத்தின் பார்வையில் எல்லாப் பங்காளிகளின் ஆட்சியே, மனதுக்குள் 'இது எனக்கு மட்டும்' என்று நினைத்துக்கொண்டிருப்பதால் அது மாறிவிடாது, மற்றவர்களை வெளிப்படையாக விலக்கியிருக்க வேண்டும். 1918இல் திலகரத்ன எதிர் பஸ்தியன் வழக்கில் பிரதம நீதியரசர் பேர்ட்ரம் அதைச் சற்றுத் தளர்த்தினார். நீண்டகாலத் தனியாட்சி நிரூபிக்கப்பட்டால், சகல சூழ்நிலைகளையும் பார்த்து, அப்படியொரு விலக்கல் நடந்ததாக அனுமானிப்பது நியாயமா என்று தீர்மானிக்கலாம் என்றார்.

ஒரே வழக்கில் இரு தரப்பும் இந்த இரண்டையும் மாறிமாறிக் காட்டுவது வழமை. ஆகவே வழக்கு, தீர்ப்பு வாசகத்தை விட்டுச் சாட்சிக் கூண்டுக்கு நகர்கிறது: தேங்காய் யார் பறித்தது, விற்ற காசில் அக்காவுக்குப் பங்கு போனதா, கட்டுக்கிணற்றுக்கு யார் செலவழித்தது, முழுக் காணியையும் தனதென்று காட்டி யாராவது உறுதி முடித்தார்களா? இந்த விபரங்கள் எந்தத் தீர்ப்பின் விபரங்களோடு ஒத்துப்போகின்றனவோ, அந்தத் தீர்ப்பே அங்கே வலுப்பெறுகிறது.

இங்கேதான் வன்னிக்கு ஒரு சிக்கல் வருகிறது. பேர்ட்ரம் பேசிய அனுமானத்துக்கு அடியில், வராத பங்காளி வந்திருக்கலாம், கேட்டிருக்கலாம் என்ற எண்ணம் இருக்கிறது. போர்க்காலத்தில் ஷெல்லுக்குள் ஓடியவரின், முகாமில் கிடந்தவரின், கனடாவிலிருந்து திரும்ப முடியாதிருந்தவரின் மௌனத்தை அதே தராசில் நிறுத்துவது அத்தீர்ப்பைப் பின்பற்றுவதாகாது என்பதே என் எண்ணம். 'சகல சூழ்நிலைகளையும்' என்ற சொற்களை விட்டுவிட்டு 'நீண்டகால ஆட்சி' என்பதை மட்டும் எடுத்து வாதிடுபவர்கள் குறைவில்லை. அதைவிட, காணிக்குள் இருந்த பங்காளியும் இடம்பெயர்ந்துதானே போனார்; அவருடைய ஆட்சி இடையறாதது என்று எப்படிச் சொல்வது?

பாராளுமன்றம் 2016ஆம் ஆண்டின் 5ஆம் இலக்கச் சட்டத்தால் 1983 மே 1 முதல் 2009 மே 18 வரையான காலத்தை, பயங்கரவாதச் செயற்பாடுகளால் தம் உரிமையைத் தொடர முடியாமற்போனவர்களுக்கு எதிராகக் கணக்கெடுக்கக்கூடாது என்றது. ஆனால் இரண்டு ஆண்டுகளுக்குள் வழக்கிட வேண்டும் என்ற வரம்பும் வைத்தது. அதைத் தவறவிட்டவர்களுக்கு மீண்டும் பழைய தீர்ப்புகளே துணை.

அரசு அனுமதிப்பத்திரத்தில் கொடுத்த பெர்மிற் காணிக்கு இந்த வாதம் எதுவும் பொருந்தாது. அரசுக்கு எதிராக ஆட்சியுரிமை ஓடாது. அரச காணிப் பிணக்கில் குறுக்கே நிற்பது சோலைமுத்து ராசு வழக்கில் உயர் நீதிமன்றம் 2013இல் அளித்த தீர்ப்பு. மலையகத் தோட்டக் காணி ஒன்றிலிருந்து வெளியேறுமாறு கொடுத்த அறிவித்தலை எதிர்த்து வந்த வழக்கு அது. அரச காணி தொடர்பான அத்தகைய அறிவித்தலுக்கு எதிராக எழுத்தாணை (அதிகாரியின் முடிவை இரத்துச்செய்வது போன்ற நீதிமன்றக் கட்டளை, 'ரிட்') வழங்க மாகாண மேல் நீதிமன்றத்துக்கு நியாயாதிக்கம், அதாவது வழக்கை ஏற்று விசாரிக்கும் அதிகாரம், இல்லை என்று அதில் தீர்ந்தது.

தேயிலைக்கும் வன்னிக் காட்டுக்கும் என்ன தொடர்பு என்று இங்கே கேட்க முடியாது. பங்காளி வழக்கில் விபரம் வேறென்று காட்டி முன்தீர்ப்பை ஒதுக்க வழியுண்டு. நியாயாதிக்கம் பற்றிய தீர்ப்போ விபரங்களைப் பார்ப்பதில்லை. அதனால் கிளிநொச்சியில் அப்படியொரு அறிவித்தல் கிடைத்தவர், 300 கிலோமீற்றருக்கு அப்பால் கொழும்பிலுள்ள மேன்முறையீட்டு நீதிமன்றத்துக்கே போகவேண்டியிருக்கிறது. அதை மாற்ற, உயர் நீதிமன்றத்தின் இன்னும் பெரிய ஆயம் வேறுவிதமாகத் தீர்க்க வேண்டும், அல்லது பாராளுமன்றம் சட்டத்தைத் திருத்த வேண்டும்.