டெர்ரி என்று எழுதியிருந்தது, ஊர் அதுவல்ல

என் மாமியாருக்கு 82 வயது. கிளாஸ்கோவிலேயே பிறந்து வளர்ந்தவர். எனக்குக் கல்யாணமான புதிதில், நம் வழக்கப்படி "உங்களுக்குச் சொந்த ஊர் எது?" என்று கேட்டேன். "கிளாஸ்கோ" என்றார். "அதற்கு முன்னால்?" "அயர்லாந்து." "அயர்லாந்தில் எங்கே?" அதற்கு அவரிடம் பதில் இல்லை. அவருடைய அப்பாவுக்கும் தெரியாதாம். போன வருடம் மருத்துவமனையிலிருந்து வீடு திரும்பியதும், "அந்த ஊர்ப் பெயரை மட்டும் கண்டுபிடித்துக் கொடும்மா" என்றார். மகனிடம் கேட்கவில்லை, என்னிடம் கேட்டார்.

பதினான்கு மாதம் ஆயிற்று. கண்டுபிடித்துவிட்டேன். அதில் ஏழெட்டு மாதம் வீணாய்ப் போனது என் அவசரத்தால்தான். அதே தப்பை வேறு யாரும் செய்யக் கூடாது என்றுதான் எழுதுகிறேன்.

ஸ்காட்லாந்துப் பக்கத்து வேலை சுலபம். 1855 ஜனவரி முதல் பிறப்பு, திருமணம், இறப்பு எல்லாமே அரசுப் பதிவில் இருக்கின்றன; 'ஸ்காட்லாண்ட்ஸ் பீப்பிள்' தளத்தில் தேடினால் கிடைக்கும். அப்பா, தாத்தா, கொள்ளுத்தாத்தா என்று ஒரு வாரத்தில் மேலே ஏறிவிட்டேன். கொள்ளுத்தாத்தா 1841 வாக்கில் அயர்லாந்தில் பிறந்தவர், 1868-இல் கிளாஸ்கோவில் திருமணம், துறைமுகக் கூலித் தொழிலாளி. இங்கே ஒரு பெரிய வசதி, மனைவியின் பிறந்த வீட்டுப் பெயர் எல்லாப் பதிவிலும் வரும். திருமணப் பதிவிலும் இறப்புப் பதிவிலும் இரு பெற்றோரின் பெயரும், அம்மாவின் பிறந்த வீட்டுப் பெயரும் சேர்ந்தே இருக்கும்.

அடி விழுந்ததும் அங்கேதான். அவருடைய இறப்புப் பதிவில் அம்மாவின் பிறந்த வீட்டுப் பெயர் ஒன்று, திருமணப் பதிவில் வேறொன்று. நான் இறப்புப் பதிவை நம்பினேன். பதிவின் ஒரு படத்துக்கு அப்போது 6 கிரெடிட், அதாவது ஒன்றரை பவுண்ட். தவறான பெயரைப் பிடித்துக்கொண்டு 23 படங்கள் வாங்கினேன். 34 பவுண்ட் 50 பென்ஸ் போனது. அப்புறம்தான் உறைத்தது: இறப்புத் தகவலைக் கொடுத்தவர் மகன். கண்ணால் பார்த்தேயிராத பாட்டியின் பெயரைத் துக்க வீட்டிலிருந்து வந்து யோசித்துச் சொல்லியிருக்கிறார். திருமணத்தின்போது சொன்னது மாப்பிள்ளையே. எந்தப் பதிவானாலும் தகவல் சொன்னவர் யார் என்று முதலில் பாருங்கள்.

பெயரின் எழுத்தையும் நம்ப வேண்டாம். ஐரிஷ் குடும்பப் பெயருக்கு முன்னால் வரும் 'ஓ' கடல் தாண்டியதும் காணாமல் போகும். 'மக்' ஒரு பதிவில் இருக்கும், அடுத்ததில் இருக்காது. எங்கள் ஆளுக்குத் தாய்மொழி ஐரிஷ். கையெழுத்துப் போடும் இடத்தில் ஒரு பெருக்கல் குறிதான் இருக்கிறது. எழுதியவர் காதில் விழுந்ததை ஆங்கிலத்தில் எழுதிக்கொண்டார், அவ்வளவுதான். தேடும்போது சந்தேகமான எழுத்துகளுக்குப் பதில் நட்சத்திரக் குறி (*) போட்டுத் தேடுங்கள்; அந்த இடத்தில் எந்த எழுத்து இருந்தாலும் வரும்.

சரி, ஊருக்கு வருகிறேன். பத்து வருடத்துக்கு ஒருமுறை எடுத்த மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் பிறந்த இடம் என்று ஒரு கட்டம் உண்டு. ஸ்காட்லாந்திலேயே பிறந்தவர்களுக்கு ஊர்ப் பெயர் இருக்கும். ஐரிஷ்காரர்களுக்குப் பெரும்பாலும் 'அயர்லாந்து' என்று ஒரே சொல். 1851-இலேயே ஸ்காட்லாந்தில் 2,07,367 பேர் அயர்லாந்தில் பிறந்தவர்கள். அத்தனை பேருக்கும் அந்த ஒரு சொல்லை வைத்து என்ன செய்வது? எங்கள் ஆளுக்கு 1871-இல் 'அயர்லாந்து'. 1881-இல் 'டெர்ரி', அயர்லாந்தின் வடக்கே உள்ள துறைமுக நகரம். 1891-இல் மறுபடி 'அயர்லாந்து'. அந்த 'டெர்ரி'யைப் பார்த்ததும் எனக்குக் கை நடுங்கியது. மாமியாரிடம் ஓடிப் போய்ச் சொன்னேன். அவர் அழுதுவிட்டார். ஒரே ஒரு கட்டத்தில் இருந்த ஒரு சொல்லை வைத்துக்கொண்டு நான் அதைச் சொல்லியிருக்கவே கூடாது.

மூன்று பேரும் கிளம்பினோம். கெய்ர்ன்ரையன் துறைமுகம் வரை கார், அங்கிருந்து கப்பலில் பெல்ஃபாஸ்ட், மறுபடி சாலை. டெர்ரியில் ஓர் அலுவலகத்துக்குப் போனோம், பெயர் வேண்டாம். முகப்பில் இருந்தவர் நிமிர்ந்துகூடப் பார்க்காமல் "எந்தப் பங்கு? எந்த டவுன்லேண்ட்?" என்று கேட்டார். தெரியாது, அதைத் தேடித்தான் வந்திருக்கிறோம் என்றேன். "அது தெரியாமல் இங்கே வந்து பயனில்லை. முன்பதிவும் இல்லை. அடுத்த வாரம் வாருங்கள்." கைத்தடியோடு நின்ற 82 வயது அம்மாவுக்கு உட்கார ஒரு நாற்காலி காட்டவில்லை. அதை இன்னும் என்னால் மறக்க முடியவில்லை. ஆனால் அவர் கேட்ட கேள்வி சரியான கேள்வி என்பதையும் சொல்ல வேண்டும். பங்கு என்பது பரிஷ், ஒரு தேவாலயத்துக்கு உட்பட்ட பகுதி. டவுன்லேண்ட் என்பது அங்கே மிகச் சிறிய நிலப் பிரிவு, நம் ஊரில் குக்கிராமம் மாதிரி. தீவு முழுக்க அறுபதாயிரத்துக்கும் மேல் இருக்கின்றன. அது கையில் இல்லாமல் போனால் எந்தக் கதவும் திறக்காது.

திரும்பும் வழியில் மாமியார் ஒரு வார்த்தை பேசவில்லை. அந்தப் பயணத்தில் கிடைத்த ஒரே விஷயம், விடுதியில் காலை உணவு பரிமாறிய அம்மா சொன்னது: "டெர்ரி என்றால் கப்பல் ஏறிய இடமாக இருக்கும் கண்ணு. டொனகல்காரர்கள் எல்லோரும் இங்கிருந்துதானே கிளாஸ்கோவுக்குப் போனார்கள்." டொனகல், டெர்ரியை அடுத்த மாவட்டம். இப்படி இருக்கலாம் என்று எனக்குத் தோன்றவே இல்லை. பயணிகள் பட்டியலைத் தேடிப் பார்க்கலாமே என்று நினைப்பீர்கள். நானும் ஒரு மாதம் தேடினேன். கிடைக்காது. அப்போது இரண்டும் ஒரே நாடு. உள்நாட்டுப் பயணத்துக்கு யாரும் பட்டியல் எழுதி வைக்கவில்லை.

விடை இருந்த இடம், கொள்ளுத்தாத்தா குடியிருந்த கிளாஸ்கோவின் ஆண்டர்ஸ்டன் தெருவிலிருந்து நடந்தே போகிற தூரம். மிட்செல் நூலகத்தின் ஐந்தாம் தளத்தில் கிளாஸ்கோ நகர ஆவணக் காப்பகம். அங்கே 1851 முதலான ஏழை நிவாரண விண்ணப்பங்கள் பத்து லட்சத்துக்கும் மேல் இருக்கின்றன. 1845-இன் ஏழைகள் சட்டப்படி, ஒரு பரிஷில் ஐந்து வருடம் தொடர்ந்து வாழ்ந்ததை நிரூபிக்காத ஐரிஷ்காரரை அயர்லாந்துக்கே திருப்பி அனுப்பலாம். அதனால் அதிகாரி வீட்டுக்கே வந்து துருவித் துருவிக் கேட்டு எழுதினார்: எங்கே பிறந்தாய், அப்பா யார், அம்மா யார், எந்த மதம், இதற்கு முன் எந்தெந்த முகவரியில் எத்தனை மாதம். அவர்களைச் சந்தேகப்பட்டு எழுதிய பக்கம்தான் இன்று நமக்குக் கிடைக்கும் மிக நல்ல பக்கம்.

"நம் ஆள் பிச்சை கேட்டிருக்க மாட்டார்" என்று என் கணவர் முன்பே சொன்னதால்தான் அங்கே போகாமல் இருந்தேன். தயவுசெய்து அப்படி நினைக்காதீர்கள். 1883-இல் கப்பலில் சரக்கு இறக்கும்போது இவருக்குக் கால் முறிந்திருக்கிறது. ஐந்து பிள்ளைகள். ஆறு வாரம் வேலை இல்லை. பாரனி பரிஷில் விண்ணப்பித்திருக்கிறார். தடிமனான அந்தப் பதிவேட்டை ஊழியர் தாங்கு மெத்தையில் வைத்துத் திறந்து கொடுத்தார். பிறந்த இடம்: டெம்பிள்க்ரோன், டொனகல். அம்மாவின் பிறந்த வீட்டுப் பெயர், திருமணப் பதிவில் இருந்த அதே பெயர். மை பழுப்பேறிக் கிடந்தது. கீழே அதிகாரியின் குறிப்பு: அறையில் ஒரே ஒரு கட்டில்.

பங்கு கிடைத்தது, இன்னும் டவுன்லேண்ட் இல்லை. அந்தப் பங்கின் ஞானஸ்நானப் பதிவேடு அவர் பிறந்து பல வருடம் கழித்துத்தான் தொடங்குகிறது. அயர்லாந்தில் எல்லோருக்குமான அரசுப் பதிவே 1864-இல்தான். 1821 முதல் 1851 வரை எடுத்த கணக்கெடுப்புகளில் பெரும் பகுதி, 1922 ஜூன் 30 அன்று டப்ளினில் ஃபோர் கோர்ட்ஸ் வளாகத்துப் பதிவாலயம் எரிந்தபோது சாம்பலாகிவிட்டது. யார் எந்த நிலத்தில் இருந்தார்கள் என்று வரிக்காக எழுதிய கிரிஃபித் மதிப்பீட்டில் அதே பெயரில் பல பேர். அங்கே ஒரே பெயர்க்காரர்களைப் பிரித்துக் காட்ட அப்பா பெயரைச் சேர்த்துச் சொல்வார்கள், நம் இனிஷியல் மாதிரி. ஆனாலும் எந்த வீடு நம் வீடு என்று சொல்ல முடியவில்லை.

காப்பகத்தில் எனக்கு உதவிய பெண்தான் கேட்டார்: "எழுபது வயது தாண்டி வாழ்ந்தாரா?" 1914-இல் இறந்தார் என்றேன். "அப்படியானால் பென்ஷன் படிவத்தைப் பாருங்கள்."

முதியோர் ஓய்வூதியம் 1909 ஜனவரியில் தொடங்கியது. எழுபது வயது நிரம்பியதற்குச் சான்று வேண்டும், பிறப்புப் பதிவோ இல்லை. அதனால் டப்ளினுக்கு எழுதி, 1841 அல்லது 1851 கணக்கெடுப்பில் இந்தப் பிள்ளை இருக்கிறதா என்று தேடச் சொன்னார்கள். கிளாஸ்கோவிலிருந்தும் அனுப்பினார்கள். அந்தத் தேடல் படிவங்கள் தப்பிப் பிழைத்திருக்கின்றன; அயர்லாந்து தேசிய ஆவணக் காப்பகத்தின் தளத்தில் இலவசமாகப் பார்க்கலாம்.

மனுதாரர் பெயரைப் போட்டேன், வரவில்லை. 'மக்' இல்லாமல் போட்டேன், வந்தது. 1911 நவம்பர். அனுப்ப வேண்டிய முகவரி, அதே வருடக் கணக்கெடுப்பில் நான் ஏற்கெனவே பார்த்திருந்த கிளாஸ்கோ வீடு. அப்பா பெயர், அம்மா பெயர், பிறந்த வீட்டுப் பெயர், பங்கு, மாவட்டம். டவுன்லேண்டும் இருந்தது. அதற்குக் கீழே டப்ளின் குமாஸ்தா பென்சிலால் எழுதியது: 1851-இல் கண்டுபிடிக்கப்பட்டார், வயது 10. அந்தக் கணக்கெடுப்புத் தாள் எரிந்துவிட்டது. அது எரிவதற்குப் பதினோரு வருடம் முன்னால், வாரம் ஐந்து ஷில்லிங்குக்காக ஒரு கிழவர் கேட்டார் என்பதால் ஒருவர் அதை எடுத்துப் பார்த்துக் குறித்து வைத்திருக்கிறார்.

டவுன்லேண்டின் பெயரை இங்கே எழுதவில்லை. சில வீடுகளே உள்ள இடம், உறவினர்கள் இன்னும் இருக்கிறார்கள் போலிருக்கிறது. ஐரிஷ் பெயர், மாமியாருக்கு உச்சரிக்க வரவில்லை. அந்தப் பங்கிலுள்ள டங்லோ என்ற ஊரில் ஒரு கடைக்குத் தொலைபேசி செய்து, எப்படிச் சொல்வது என்று கேட்டோம். எடுத்தவர் பொறுமையாக மூன்று முறை சொன்னார். மாமியார் திரும்பத் திரும்பச் சொல்லிப் பழகினார். நான்காவது முறை சரியாக வந்ததும் அந்தப் பக்கத்திலிருந்து "வீட்டுக்கு எப்போது வருகிறீர்கள்?" என்று கேட்டார்கள்.

மே மாதம் போகிறோம். கிளாஸ்கோவிலிருந்து டொனகலுக்கு நேராகப் பேருந்தே இருக்கிறது. ஜன்னலோர இருக்கை மாமியாருக்கு.